அடுப்பை எங்கே வைப்பது?

போன ஆடி மாதம் நாலு பிள்ளைகள் ஒரு பெரிய தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கு ராஜபாளையம். ஒருத்தி எங்கள் தெருப் பிள்ளை. இன்னொருவன் வத்திராயிருப்புப் பக்கம். எல்லாம் படித்த பிள்ளைகள். நம்ம சனமும் உண்டு, மற்றவர்களும் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவில் கொஞ்சம் நிலம் குத்தகைக்குக் கிடைக்கும்போலிருக்கிறது, அதில் ஒரு உணவுப் பள்ளி தொடங்கப் போகிறோம் என்றார்கள். தாளைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு செம்பை வைத்தோம். மலையைப் பார்த்த பக்கம் மாவும் தென்னையும். கிழக்கே காய்கறித் தோட்டம். ரோட்டை ஒட்டி வாரச் சந்தை. சந்தையை ஒட்டிச் சாப்பாட்டுக் கடை. நடுவில் பாடம் நடத்தக் கொட்டகை. பிள்ளைகள் விதைக்கவும் படிக்கும், சமைக்கவும் படிக்கும், விற்கவும் படிக்கும். நல்ல யோசனைதான். வரைந்த பிள்ளைக்குக் கை சுத்தம்.

“பெரியப்பா, நம்ம பழைய சாப்பாடு என்னென்னன்னு ஒரு பட்டியல் போட்டுத் தாங்க” என்றாள் எங்கள் தெருப் பிள்ளை.

“அது கெடக்கட்டும். அடுப்ப எங்கம்மா வைக்கப் போறீக?”

கடைக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள்.

“சரி. அதுல யாரு நிப்பா?”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை இன்னும் பேசவில்லை என்றான் ஒருவன். அன்றைக்கு ராத்திரி அவர்களிடம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி பள்ளிக்கூடங்கள் நமக்குப் புதுசு இல்லை. நமக்குத் தெற்கேயும் ஒன்று இருந்தது, வடக்கேயும் ஒன்று வந்தது. அவற்றின் வரலாறு தெரியாமல் தாளை விரித்தால் அதே இடத்தில்தான் போய் முட்டுவோம்.

ஓட்டல் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்தது வெளியிலிருந்துதான். 1970-களின் தொடக்கம். எங்கள் கிராமத்து டீக்கடையின் எரவாணத்தில் சிரட்டைகள் சொருகியிருக்கும். எங்கய்யா அதில் ஒன்றை உருவி, ஊதித் தூசி தட்டி, குத்தவைத்து நீட்டுவார். கடைக்காரர் கையைத் தூக்கி மேலேயிருந்து ஊற்றுவார். குடித்து முடித்ததும் கழுவி, உருவிய இடத்திலேயே சொருகிவிட்டு வரவேண்டும். காசைத் திண்ணையில் வைத்தால் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார்கள். சிரட்டைக்குத்தான் தீட்டு, காசுக்கு ஒரு கை தண்ணி போதும். இதெல்லாம் நடந்தது தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்து பதினைந்து வருசத்துக்கும் பிறகு. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் கடை, உணவு விடுதி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எரவாணத்துக்கு அது எட்டவில்லை. பிறகு சிரட்டை போய் அலுமினிய டம்ளர் வந்தது. அப்புறம் இரட்டைக் கிளாஸ். இப்போது தூக்கியெறியும் கப். எல்லோருக்கும் ஒரே கப், யாரும் கழுவ வேண்டியதில்லை. எங்கள் ஊரில் டீக்கடைச் சமத்துவத்தைக் கொண்டுவந்தது இந்தக் கப்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையில் பாதி நிசம்.

நம்ம மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992-இல் வெளிவந்த ‘கருக்கு’வில் ஒரு பெரியவரைக் காட்டுகிறார். தின்பண்டப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளிக்குக் கொடுக்கிறவர். சிறு பிள்ளையாக அதைப் பார்த்துச் சிரிப்பு வந்ததையும், விசயம் தெரிந்தபிறகு வந்த கோபத்தையும் அவர் எழுதியிருக்கிறார். வெந்த பண்டத்தில்தான் தீட்டு ஒட்டும். காட்டில் நாம் களையெடுத்து, அறுத்து, சுமந்து கொண்டுபோய்ப் போடுகிறவரைக்கும் தானியத்துக்குத் தீட்டு கிடையாது. அது அடுப்பில் ஏறியதும் நம்ம கை ஆகாது. தோட்டத்தை எங்கே போட்டாலும் ஒன்றுதான், அடுப்புதான் இங்கே சிக்கல் என்று பிள்ளைகளிடம் நான் சொன்னது இதனால்தான்.

இப்போது தெற்கே போவோம். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய், அங்கிருந்து மேற்கே தாமிரபரணிக் கரையோடு போனால் சேரன்மாதேவி. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகிறவரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் திருநெல்வேலி ஜில்லாதான். ஆக அது அன்னிய ஊர்க் கதை இல்லை. அங்கே 1920-களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். லண்டனில் பாரிஸ்டருக்குப் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகத் திரும்பியவர், திருக்குறளை இங்கிலீஷில் பெயர்த்தவர், தமிழில் சிறுகதையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். பிள்ளைகள் புத்தகத்தோடு நிற்காமல் நிலத்திலும் உழைக்க வேண்டும், உடம்பை வளர்க்க வேண்டும், தமிழையும் கற்க வேண்டும் என்பது அவர் திட்டம். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாகத் தேசியப் பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் ஒதுக்கி, முதலில் 5,000 கொடுத்தது. கடல் கடந்துபோன தமிழர்களும் காசு அனுப்பினார்கள். பல சாதிக்காரரும் கொடுத்த காசு.

அந்தப் பள்ளியில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோர் கேட்டார்கள், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். விசயம் வெளியே வந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் ‘தமிழ்நாடு’ பத்திரிகையிலும் மேடையிலும் கொளுத்திப் போட்டார். கமிட்டியின் காரியதரிசியாக இருந்த பெரியார் மீதிப் பணத்தைக் கொடுக்க மறுத்தார். 1925 மார்ச்சில் காந்தி தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவரிடம் பஞ்சாயத்து போனது. ஏற்கெனவே கொடுத்த வாக்கை இந்தப் பிள்ளைகள் விசயத்தில் காப்பாற்றலாம், இனிமேல் தனிப்பந்தி கேட்கிறவர்களைச் சேர்க்க வேண்டாம் என்கிற மாதிரி ஒரு சமரசம். யாருக்கும் அது நிறைவில்லை. தேசிய இயக்கத்தில் பங்குபெறும் நிறுவனங்களில் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தைக் காங்கிரஸ் கமிட்டி ஏற்றது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் செயற்குழுவிலிருந்து விலகினார்கள். 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தானும் போய்ச்சேர்ந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். இரண்டு இலை தனியாக விழுந்ததற்கு இத்தனையும்.

இந்தக் கதையை நான் நூறு மேடையில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் எல்லோரும் பிராமணர், பிராமணரல்லாதார் என்று இரண்டு பந்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றாவது பந்தி ஒன்று இருக்குமே, பள்ளர் பறையர் சக்கிலியர் பிள்ளைகள் அந்தக் குருகுலத்துக்குப் போயிருந்தால் எங்கே உட்காரவைத்திருப்பார்கள் என்ற கேள்வி மேடையில் எழுவதில்லை. சாப்பிடுகிற வரிசைக்காக ஒரு கட்சியே உடைந்தது. சமையற்கட்டில் யார் கை படலாம் என்பதற்காக எதுவும் உடையவில்லை. அதே காலத்தில், 1924-இல், சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்தச் சாதிக்காரரும் போகலாம் வரலாம் என்பது அது. சபை ஏற்று, அரசாணையும் வந்தது. ஐயரின் பந்தி பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. சீனிவாசனின் கிணறு நாம் சொன்னால்தான் உண்டு.

ஐயரைச் சின்ன மனுசர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சாதி பார்த்தார் என்பதைவிட, சாதி பார்க்கிறவர்களின் காசும் பிள்ளையும் பள்ளிக்கு வேண்டியிருந்தது என்பதுதான் நமக்குப் பாடம். ‘இப்போதைக்கு விட்டுக்கொடுப்போம், பள்ளி நிலைத்தபிறகு சரிசெய்வோம்’ என்பது எல்லா நல்லவர்களும் சொல்வது. இந்த நாலு பிள்ளைகளும் அன்று ராத்திரியே அதை ஒரு தடவை சொல்லிவிட்டார்கள்.

வடக்கே உள்ளது வேறு மாதிரி. மதுரைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு டி.கல்லுப்பட்டி தெரியும். அங்கே 1940-இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கியது. ஜே.சி. குமரப்பா தன் கடைசி வருசங்களைக் கழித்தது அங்கேதான். தஞ்சாவூரில் பிறந்து, கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, 1934-இல் உண்டான அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம் என்று இன்றைக்கு நகரத்துக் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்கிறார்களே, அதற்கெல்லாம் எண்பது தொண்ணூறு வருசத்துக்கு முன்பே காரணகாரியம் எழுதிவைத்தவர். ஒரு லட்சம் சனத்துக்குச் சமச்சீர் உணவு வேண்டுமென்றால் எந்தெந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்கே போட்டிருக்கிறார். உணவுப் பள்ளி வைக்கிறவர்கள் முதலில் படிக்கவேண்டியது அவரைத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அந்த ஏக்கர் யாருடையது என்று அவர் கேட்காமலும் இல்லை. அவர் தலைமையில் காங்கிரஸ் போட்ட நிலச்சீர்திருத்தக் குழு 1949-இல் உழுகிறவனுக்கு நிலம் என்றுதான் அறிக்கை கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. ஆனால் அவர் அட்டவணையில் கலோரிக்குக் கட்டம் இருக்கிறது, சாதிக்குக் கட்டம் இல்லை. கம்பு எத்தனை ஏக்கர் என்று இருக்கும், அந்தக் கம்பைக் காய்ச்சியது எந்தத் தெரு என்றால் குடிக்கமாட்டார்கள் என்று இருக்காது.

எங்கள் சின்னாத்தாவுக்கு அது தெரியும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, அதன் வளர்ச்சி அது. அடுத்த வருசம் சின்னாத்தாவுக்குப் பக்கத்து ஊர் மையம் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. சித்தப்பா செத்து இரண்டு வருசம், கையில் இரண்டு பிள்ளை. அரசாங்க வேலை என்று தெருவே சந்தோசப்பட்டது. முதல் நாள் உலை வைத்தாள். மத்தியானம் மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து ரொம்பத் தன்மையாகப் பேசினாராம். “நீ வேல பாரு தாயி, சம்பளம் வாங்கு, யாரும் ஒண்ணும் சொல்லல. வெறகு ஒடி, பாத்திரம் வெளக்கு, வாசக் கூட்டு. அடுப்புப் பக்கம் மட்டும் போவாத.” பதினெட்டு வருசம் அவள் அந்த மையத்தில் வேலை பார்த்தாள். இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே. குழம்பு தீய்கிற வாசம் அங்கிருந்தே தெரியும், சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பாள். நல்ல கைப்பக்குவக்காரி. எங்கள் வீட்டு விசேசங்களுக்கு அவள்தான் கரண்டி பிடிப்பாள்.

பழைய கதை என்று சொல்லிவிடலாம். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிய உணவுச் சமையலுக்கு ஆள் எடுக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. தனிப் பந்தியைக் கலைப்பதோடு நிற்காமல் அடுப்பையே கையில் கொடுத்த உத்தரவு அது. 1925-க்கு அப்புறம் இந்த விசயத்தில் நடந்த பெரிய காரியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 2018-இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஊர் திரண்டது. அதிகாரிகள் அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்தபிறகுதான் உத்தரவு ரத்தானது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்கப் பரவியது. அடுத்த மாதமே எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில், சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. காமராஜர் பந்தி தொடங்கிய அதே எட்டயபுரத்துப் பக்கம். அறுபத்தேழு வருசம் கழித்து.

சந்தை பற்றி ரொம்பப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஊருக்கெல்லாம் கோபுரம், பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பால் ஊர். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்து 2006-இல் புத்தகமாக வந்த தீண்டாமை ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதிக் கிராமங்களில் தலித்துகள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியவில்லை. மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் சந்தையில் உட்கார்ந்து விற்க முடியவில்லை. அது நம்ம ஊரைப் பற்றிய கணக்கு இல்லை. ஆனால் நம்ம பிள்ளைகள் சந்தைக்குக் கடை பிரிக்கும்போது, எந்தத் தெருப் பாலும் முட்டையும் முகப்பில் இருக்கும், எது கடைசி வரிசைக்குப் போகும் என்பதை முதல் வாரத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும். தானாக விட்டால் தானாகவே பிரிந்துகொள்ளும். மணலில் தண்ணி இறங்குற மாதிரி.

தோட்டத்துக்கு வருவோம். மலையடிவாரத்து மாந்தோப்புகள் ராஜபாளையத்துக்குப் பெருமை. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இங்கே உள்ள பெயர்களைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு நாக்கு ஊறும். எங்கள் தாய்மாமன் நாற்பது வருசம் அப்படி ஒரு தோப்பில் காவல். ஒட்டுக் கட்டுவார், கவாத்துப் பண்ணுவார், எந்த மரம் எந்த வருசம் ஏமாத்தும் என்பது அவருக்கு மனப்பாடம். வீட்டுக்குக் கொண்டுவந்தது எல்லாம் வெம்பலும் வெளவால் கடித்ததும்தான். நல்ல பழம் ஒன்று முழுசாக நான் தின்றது வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியபிறகு. தோட்ட வேலை கற்றுக்கொடுக்கிறோம் என்று பிள்ளைகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவுக்கு அந்தப் பாடம் வேண்டாம். நிலந்தான் வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதி, 1892-இல் அரசாணை வந்து, பஞ்சமர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் கை மாறிக் கை மாறிப் போனது. அதைக் கேட்டு 1994-இல் காரணையில் இரண்டு பேர் உயிர் போனது. தமிழ்நாட்டு சனத்தில் ஐந்தில் ஒருவர் நாம். நம் கையில் உள்ள சாகுபடி நிலம் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குத்தகைப் பத்திரத்தில் யார் பெயர் போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் அந்தப் பட்டியல். கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, பண்ணைக்கீரை, கருவாடு என்று சொல்லச் சொல்ல எழுதினார்கள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. நான் பள்ளிக்கூடம் போகும்போது தூக்குவாளியில் கொண்டுபோன கம்பஞ்சோற்றை மூடியால் மறைத்துக்கொண்டு தின்றவன். போகட்டும். வயல் நண்டு, நத்தை, எலி, உப்புக்கண்டம், மாட்டுக்கறி என்று நான் அடுத்த வரிக்குப் போனதும் பேனா நின்றது. “அது போட்டா மத்தவங்க வரமாட்டாங்க சார்” என்றான் ராஜபாளையத்துப் பையன். அதுதான் சேரன்மாதேவி என்றேன்.

ஆனால் இதில் நம்ம பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 1927-இல் மகாத்தில் அம்பேத்கர் செத்த மாட்டை இழுப்பதையும் அதன் கறியைத் தின்பதையும் விடச் சொன்னார். கறி மேல் அவருக்கு வெறுப்பு என்று இதைப் படிக்கக்கூடாது. அந்தக் கறியை நம்ம தலையில் கட்டிய வேலையை உதறச் சொன்னார். இங்கே பலபேர் இதைத் திருப்பிப் போட்டு, மாடு தின்பதை விட்ட தெரு பெரிய தெரு, தின்கிற தெரு சின்னத் தெரு என்று ஏணி கட்டிக்கொண்டார்கள். எங்கள் பாட்டி, சிரட்டையில் டீ குடித்த குடும்பத்துக்காரி, அருந்ததியர் தெருவில் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டாள். நாங்களும் அவளைக் கேட்டதில்லை. நானே என் இருபத்தெட்டாவது வயசில், சங்கத்து வேலையாகப் போன இடத்தில்தான், அந்தத் தெருவில் ஒரு வீட்டில் முதன்முதலாகச் சோறு தின்றேன். தட்டில் கை வைக்கும்போது ஒரு நொடி தயங்கிய கையை இப்போதும் எனக்குத் தெரியும். அந்த வீட்டம்மாவும் பார்த்தாள். ஆகையால் அடுப்பில் ‘தலித்’ நிற்பார் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துபோகாது. அந்தச் சொல்லுக்குள்ளேயும் பந்தி இருக்கிறது.

பிள்ளைகள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள், மூன்று பேர்தான். வராதவன் யார், ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. புதுத் தாளில் அடுப்பு ரோட்டுப் பக்கமாக முன்னால் வந்திருந்தது. சுவர் கிடையாது. வருகிறவர்கள் சமைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போகவேண்டும். பணம் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் தனி இலை என்ற நிபந்தனையோடு வந்தால் வாங்குவதில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். முதல் ஆறு மாசத்துக்குச் சமையல் கற்றுக்கொடுக்க எங்கள் சின்னாத்தாவைக் கேட்கலாம் என்று யோசனை. அவளுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தோம்.

தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “சம்பளம் எம்புட்டு?” என்று முதலில் கேட்டாள். சொன்னார்கள். பேசாமல் இருந்தாள். அப்புறம் அடுப்புக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, “இதெல்லாஞ் சரித்தா. தண்ணிக் கொழா எங்க இருக்கு? ஆரு புடிச்சு ஊத்துவா?” என்றாள்.

பிள்ளைகள் தாளைத் தங்கள் பக்கம் திருப்பித் தேடினார்கள். குழாய் வரையவில்லை.